ஸ்விட்சைத் திருப்பியதும் துள்ளிய மவுஸ்: எங்கள் அனுபவங்கள்

என் மேசையில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய கணினிகள் இரண்டு உள்ளன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு திரை, ஒரு கீபோர்டு, பிஎஸ்/2 என்ற பழைய வட்டச் செருகியில் மாட்டும் ஒரு மவுஸ். நடுவில், அவற்றை ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு மாற்றித் தரும் கேவிஎம் ஸ்விட்ச். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் போய்த் திரும்பினால், மவுஸை விரலளவு நகர்த்தினாலே கர்சர் திரையின் மூலைக்குப் பாயும்; பொத்தானை அழுத்தாமலே மெனுக்கள் விரியும். பாதி எழுதியிருந்த கணக்குக் கோப்பு ஒன்று தானாக இழுபட்டுக் குப்பைத்தொட்டிக்குள் போனதை ஒருநாள் கண்ணெதிரே பார்த்தேன்.

மவுஸ்தான் பழுது என்று எண்ணி வேறொன்று வாங்கி மாட்டினேன், பயனில்லை. திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வரின் அமைப்புக் கோப்பில், மவுஸின் பேச்சு முறையைக் குறிக்கும் புரோட்டோகால் வரியை மாற்றி மாற்றிப் பார்த்ததில் இரண்டு மாலைகள் கழிந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6 பதிப்பு முதல் மவுஸுடன் கெர்னலே நேரடியாகப் பேசுவதால், அந்த வரி மவுஸை எட்டுவதே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகுதான் கெர்னலின் லாகை, அதாவது நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். மவுஸ் ஒத்திசைவை இழந்துவிட்டது, இத்தனை பைட்டுகளை வீசி எறிகிறேன் என்று, மவுஸை இயக்கும் நிரலான பிஎஸ்மவுஸ் டிரைவர் வரிவரியாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியின் நேரமும் நான் ஸ்விட்சைத் திருப்பிய நேரத்தோடு பொருந்தியது.

சாதாரண பிஎஸ்/2 மவுஸ் ஒவ்வோர் அசைவையும் 3 பைட்டுகள் கொண்ட ஒரு பாக்கெட்டாக அனுப்பும். மவுஸில் சக்கரம் உண்டா என்று அறிய, நொடிக்கு எத்தனை முறை அசைவைச் சொல்ல வேண்டும் என்ற மாதிரி வேகத்தை 200, 100, 80 என்று டிரைவர் அடுத்தடுத்து அமைத்து அடையாள எண்ணைக் கேட்கும். 0 என்பதற்குப் பதிலாக 3 என்று விடை வந்தால் சக்கரம் உண்டு; அப்போதிலிருந்து 4 பைட்டுகள். ஸ்விட்சைத் திருப்பும்போது மவுஸ் மீட்டமைக்கப்பட்டு மீண்டும் 3 பைட்டுக்கு இறங்கிவிடுகிறது. டிரைவரோ நான்காவதற்காகக் காத்திருந்து, அடுத்த அசைவின் முதல் பைட்டை விழுங்கிவிடுகிறது. அதன்பின் எல்லாமே ஓரிடம் தள்ளிப் படிக்கப்படுவதால், நகர்வைச் சொல்லும் எண் பொத்தான் அழுத்தமாகிவிடுகிறது.

கெர்னலில் தனித் துண்டாக ஏற்றப்படும் பிஎஸ்மவுஸ் மாட்யூலை நீக்கி மறுபடி ஏற்றினேன். கர்சர் அந்த நொடியே அடங்கியது. ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்துகொண்டிருக்க முடியாது என்பதால், மாட்யூலின் புரோட்டோ (proto) அளவுருவை, வெறும் அடிப்படை முறையைக் குறிக்கும் பேர் (bare) என்று அமைத்துவிட்டேன். சக்கரம் வேலை செய்யாது. எனினும் டிரைவரும் மவுஸும் எப்போதும் 3 பைட்டிலேயே நிற்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. டிரைவர் மாட்யூலாக இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால், அதே அளவுருவை, கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரல் வழியாகப் பூட் வரியில் தர வேண்டும். சக்கரத்தை இழக்க மனமில்லாதவர்கள், தொடர்ந்து சில பாக்கெட்டுகள் கெட்டால் மவுஸை மீட்டமைக்கும் ரீசெட்ஆஃப்டர் அளவுருவை முயன்று பார்க்கலாம்.

*

மேலே எழுதிய நண்பருக்கு: ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்தில் எனக்கும் இதே துள்ளல்தான், ஆனால் காரணம் வேறு. கன்சோலில், அதாவது கணினிச் செய்திகள் தோன்றும் திரையில், அதன் மவுஸ் டிரைவரான பிஎஸ்எம் ஒத்திசைவுப் பிழை என்று ஓயாமல் அச்சிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் முதல் பைட்டிலும் சில பிட்டுகள் மாறாமல் இருக்கின்றனவா என்று அது சோதிக்கிறது. என் ஸ்விட்ச் வழியாக வந்த பிட்டுகள் அந்தச் சோதனையில் தேறவில்லை. சாதன அமைப்புகளைக் கொண்ட டிவைஸ் ஹின்ட்ஸ் கோப்பில் பிஎஸ்எம் சாதனத்தின் கொடி (flags) எண்ணைப் பதினறும முறையில் 100 என்று இட்டுச் சோதனையை நிறுத்தினேன். மறு பூட்டுக்குப் பிறகு சக்கரமும் சேர்ந்தே வேலை செய்கிறது.