சிஸ்டம் கோலுக்குப் பிறகு ரெஜிஸ்டர் மாறுது: எது கேர்னல் செய்தது, எது என்ர பிழை?

உப்புவெளி_மாணவி · செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் இரண்டாம் வருசம், உப்புவெளியில அறை எடுத்து இருந்து படிக்கிறன். வெள்ளிக்கிழமை ஒரு சின்ன செயற்திட்டம் காட்டவேணும். 64 பிட் லினக்ஸ்ல, சிஸ்டம் கோல் (புரோகிராம் கேர்னலிட்ட, அதாவது இயங்குதளத்தின்ர மையப் பகுதியிட்ட, ஒரு வேலை கேக்கிறது) ஒண்டு போடுறதுக்கு முன்னம், புரொசெசருக்குள்ள எண் வைக்கிற 16 ரெஜிஸ்டரிலயும் தெரிஞ்ச எண்களைப் போட்டு, கோல் முடிஞ்சபிறகு எது மாறினது, எது மாறேல்லை எண்டு அட்டவணை போடுறதுதான் வேலை. அசெம்பிளியில எழுதியிருக்கிறன். மூண்டு நாளா இதோட மாரடிக்கிறன்.

1000 தரம் ஓடி நிக்கவேண்டிய சோதனை நிக்குதே இல்லை. எண்ணுறதுக்கு ஆர்சிஎக்ஸ் எண்ட ரெஜிஸ்டரை வைச்சு, கடைசியில லூப் கட்டளை போட்டனான். கன்ட்ரோல் சி அடிச்சால்தான் நிக்குது.

சரி எண்டு லூப்பை எடுத்துப்போட்டு ஒரேயொரு தரம் ஓடவிட்டன். கோல் முடிஞ்ச கையோட ஒவ்வொரு ரெஜிஸ்டரா பிரிண்ட்எஃப் (திரையில எழுதுற சி ஃபங்ஷன்) கூப்பிட்டு அடிச்சுப் பாத்தால் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்எஸ்ஐ, ஆர்டிஐ, ஆர்8 இலிருந்து ஆர்11 வரை எல்லாம் கண்டபடி மாறியிருக்கு. ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 இலிருந்து ஆர்15 வரை மட்டும் தப்பியிருக்கு.

அதையே ஜிடிபியில (பிழை தேடுற கருவி) படிப்படியா நடத்தினால் வேற விடை. ஆர்சிஎக்ஸ்ல பதினறும எண்ணா 401037, ஆர்11ல 346. ஆர்ஏஎக்ஸ்ல -9. மிச்சம் எல்லாம் நான் போட்டபடியே இருக்கு.

எதை நம்புறது? கோல் எண் 1, அதாவது ரைட் (கோப்பில எழுதுறது). ஒவ்வொரு ரெஜிஸ்டரிலயும் வேற வேற எண் நிரப்பியிருக்கிறன், ஆர்டிஐ உட்பட.

மூதூர்க்காரன் · செவ்வாய், இரவு 10.05

கேர்னலுக்குள்ள போனால் எல்லா ரெஜிஸ்டரும் அழியும் தங்கச்சி. கோலுக்கு முதல் எல்லாத்தையும் ஸ்டாக் எண்ட மெமரிப் பகுதிக்குப் புஷ் பண்ணி (எடுத்துவைச்சு), பிறகு பொப் பண்ணுங்கோ (திருப்பி எடுங்கோ). பிரச்சினை முடிஞ்சுது.

துறைமுக_விளக்கு · செவ்வாய், இரவு 11.20

மூதூர்த் தம்பி சொன்னது சரியில்லை. அப்பிடிச் செய்தால் தங்கச்சி அளக்க வந்த விசயமே மறைஞ்சுபோயிடும். லினக்ஸ் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி புரொசெசர்) 64 பிட்ல, சிஸ்டம் கோலைப் போடுற சிஸ்கோல் கட்டளையால மாறுறது மூண்டே மூண்டு: விடை வாற ஆர்ஏஎக்ஸ், பிறகு ஆர்சிஎக்ஸ், ஆர்11. மிச்சப் 13ஐயும் கேர்னல் அப்படியே திருப்பித் தரும்.

தங்கச்சி, நீங்கள் கண்ட மூண்டு விசயமும் மூண்டு வேற இடத்தில இருந்து வருது.

முதல்ல லூப். சிஸ்கோல் கட்டளை ஓடேக்க, கேர்னல்ர ஒரு வரிகூட ஓடுறதுக்கு முதல், புரொசெசரே திரும்பி வரவேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸ்ல எழுதும், கொடிகளை (புரொசெசரின்ர நிலையைக் காட்டுற பிட்டுகளை) ஆர்11ல எழுதும். பழைய இன்டரப்ட் முறையில புரொசெசர் இந்த ரெண்டையும் கேர்னலின்ர ஸ்டாக்கில தள்ளிவைக்கும். சிஸ்கோல் அப்பிடி இல்லை. கெதியா உள்ள போகவேணும் எண்டதுக்காக அது ஸ்டாக்கைத் தொடாது, ஆர்எஸ்பியைக்கூட மாத்தாது. உள்ள எங்க போகவேணும் எண்ட முகவரியும் எல்ஸ்டார் எண்ட சிறப்பு ரெஜிஸ்டரில முன்கூட்டியே எழுதிக் கிடக்கும். தாள் தேட நேரமில்லாமல் ஒரு நம்பரை உள்ளங்கையில எழுதிக்கொண்டு ஓடுறமாதிரி. அந்த உள்ளங்கைதான் ஆர்சிஎக்ஸ். நீங்கள் அதிலதான் உங்கட எண்ணிக்கையை எழுதி வைச்சிருந்தனீங்கள்.

ஒப்ஜ்டம்ப் (கட்டளைகளையும் அதுகளின்ர முகவரியையும் காட்டுற கருவி) போட்டுப் பாருங்கோ. உங்கட சிஸ்கோல் 401035ல இருக்கும். அந்தக் கட்டளை 2 பைட். அடுத்தது 401037, நீங்கள் ஆர்சிஎக்ஸ்ல கண்ட அதே எண். லூப் அதில ஒண்டைக் குறைக்கும், சைபர் இல்லை எண்டு மேல அனுப்பும், அடுத்த கோலோட அது திரும்ப 401037 ஆகும். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சைபருக்கு வராது. எண்ணுறதுக்கு ஆர்பிஎக்ஸ் அல்லது ஆர்12 வைச்சு, டெக் (ஒண்டைக் குறை), ஜேஎன்இஸட் (சைபர் இல்லாட்டில் திரும்பப் போ) போடுங்கோ. சாதாரண ஃபங்ஷனில நாலாவது அளவுரு ஆர்சிஎக்ஸ்ல போகேக்க சிஸ்டம் கோலில மட்டும் ஏன் ஆர்10ல போகுது எண்டு யோசிச்சிருப்பீங்கள். காரணம் இதுதான். ஆர்சிஎக்ஸ்ல போட்டால் உள்ள போறதுக்கு முதலே அழிஞ்சிடும்.

பிரிண்ட்எஃப் காட்டினது கேர்னல்ர வேலை இல்லை, பிரிண்ட்எஃப்ர வேலை. ஃபங்ஷன் ஒண்டைக் கூப்பிடுறதுக்கு வேற விதி. ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 இலிருந்து ஆர்15 வரை மட்டும் கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் காப்பாத்தித் தரவேணும், மற்றதுகளை அது விரும்பினபடி பாவிக்கலாம். உங்கட "தப்பின" பட்டியலைத் திரும்பப் பாருங்கோ, எழுத்துக்கு எழுத்து அந்த விதியேதான். அதோட, அளவுருக்களைக் குடுக்கிறதுக்கே ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ ரெண்டையும் நீங்களே மாத்தியிருப்பீங்கள். முதல் ரெஜிஸ்டரை அடிக்கேக்கயே மற்றதுகளின்ர சாட்சியம் போயிட்டுது.

மூண்டாவது, ஆர்11ல வந்த 346. எனக்கு இதுதான் பிடிச்ச இடம். ஜிடிபி இல்லாமல் ஓடவிட்டால் அதில 346 வராது, பெரும்பாலும் 246 அல்லது 202 வரும். 200 எண்டது இன்டரப்ட் அனுமதிக் கொடி. 2 எப்பவும் ஒண்டா இருக்கிற பிட். 40 சைபர்க் கொடி, 4 பரிட்டிக் கொடி. மேலதிகமா இருக்கிற 100 என்ன? ட்ராப் கொடி. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் நிப்பாட்டு எண்டு ஜிடிபி புரொசெசருக்குச் சொல்லுறது அந்தக் கொடியாலதான். சிஸ்கோல் ஓடேக்க அந்தக் கொடியும் சேர்ந்து ஆர்11ல பதிஞ்சிட்டுது. அளக்கிற கருவியின்ர கைரேகை உங்கட அளவில விழுந்திருக்கு. சிஸ்கோலில பிரேக்பொயின்ட் வைக்காமல், அதுக்கு அடுத்த கட்டளையில மட்டும் வைச்சு கன்டினியூ குடுத்துப் பாருங்கோ, 100 காணாமல் போகும்.

சோதனையை இப்பிடி எழுதுங்கோ. தனி அசெம்பிளிக் கோப்பு, சிக்குள்ள இன்லைன் வேண்டாம். பிஎஸ்எஸ் பகுதியில (வெறும் இடம் ஒதுக்குற மெமரிப் பகுதி) 16 இடம் ஒதுக்குங்கோ, ஒவ்வொண்டும் 8 பைட். ரெஜிஸ்டர்களை நிரப்புங்கோ, சிஸ்கோல், அடுத்த வரியிலயே எல்லாத்தையும் அந்த இடங்களுக்கு மூவ் பண்ணுங்கோ. இடத்தின்ர முகவரியை நேரடியாப் பேரால குடுங்கோ, முகவரியை வைக்கிறதுக்கெண்டு ஒரு ரெஜிஸ்டரைத் தொடக்கூடாது. 16ம் மெமரிக்குப் போனபிறகுதான் பிரிண்ட்எஃப்.

ஆர்எஸ்பியில மட்டும் உங்கட எண்ணைப் போடாதேங்கோ. ஏற்கனவே இருக்கிறதைக் குறிச்சுவைச்சு ஒப்பிட்டால் போதும்.

உப்புவெளி_மாணவி · புதன், காலை 6.15

அண்ணா, காலமை எழும்பின உடனே செய்து பாத்தன். நிக்குது! 1000 தரமும் ஓடி நிக்குது. மாறினது நீங்கள் சொன்ன மூண்டுதான். ஆர்11ல 246.

ஆனா ஆர்ஏஎக்ஸ்ல -9 அப்படியே வருது. அது பிழையா?

துறைமுக_விளக்கு · புதன், காலை 7.02

-9 எண்டால் ஈபேட்எஃப், கோப்பு எண் பிழை. ஆர்டிஐயில நீங்கள் நிரப்பின எண்ணை ரைட் கோப்பு எண்ணா எடுத்துப் பாத்திருக்கு, அப்பிடி ஒரு கோப்பு திறந்து இல்லை. கேர்னல் பிழையை எதிர்க்குறியோட ஆர்ஏஎக்ஸ்லயே தரும், -1 இலிருந்து -4095 வரை எல்லாம் பிழை எண்கள். விடையை -1 ஆக்கி, பிழை எண்ணை எர்நோ எண்ட மாறியில வைக்கிறது சி லைப்ரரி.

சோதனைக்கு அது கேடில்லை, ஆனா போதாது. இப்ப நீங்கள் அளந்தது வாசலோட திரும்பி வந்த கோலை மட்டும். உள்ள போய் வேலை செய்து வாறதையும் அளக்கவேணும். கெட்பிட் (புரோகிராமின்ர அடையாள எண்ணைக் கேக்கிற கோல்), எண் 39, எந்த அளவுருவும் கேக்காது, அதால எல்லாத்தையும் நிரப்பலாம். பிறகு உண்மையான கோப்பு எண்ணோட ஒரு ரைட். பிறகு நானோஸ்லீப், எண் 35. அது நித்திரை கொள்ளேக்க கேர்னல் வேற புரோகிராமுக்கு புரொசெசரைக் குடுத்துப்போட்டுத் திரும்பி வரும். அதுக்குப் பிறகும் 13ம் அப்படியே இருந்தால்தான் அட்டவணைக்கு மரியாதை.

நேரம் கேக்கிற குளொக் கெட்டைமை சி லைப்ரரி வழியா அளக்காதேங்கோ. அது வழமையா, கேர்னல் புரோகிராமுக்குள்ளயே வைச்சுத் தாற விடிஎஸ்ஓ எண்ட பகுதிக்குள்ளயே முடிஞ்சுபோகும், கேர்னலுக்குள்ள போகாது. எஸ்ட்ரேஸ் (சிஸ்டம் கோல்களைப் பட்டியல் போடுற கருவி) போட்டால் வரியே வராது.

கிண்ணியா_டேர்மக்ஸ் · புதன், பகல் 12.48

எனக்கு லப்டொப் இல்லை, ஆண்ட்ராய்டு போனில டேர்மக்ஸ் (கட்டளைத் திரை ஆப்) வைச்சுத்தான் படிக்கிறன். இதைப் பாத்திட்டு போனின்ர ஆர்ம் 64 புரொசெசரில அதே சோதனையை எழுதினேன். கோல் எண் எக்ஸ்8ல, அளவுருக்கள் எக்ஸ்0 இலிருந்து எக்ஸ்5 வரை, கட்டளை எஸ்விசி. மாறினது எக்ஸ்0 மட்டும், அதுவும் விடை வாற இடம் எண்டபடியால. எக்ஸ்1 இலிருந்து எக்ஸ்30 வரை எல்லாம் போட்டபடியே. இங்க ஏன் உள்ளங்கையில எழுதத் தேவையில்லை?

துறைமுக_விளக்கு · புதன், பின்னேரம் 5.30

போனில அசெம்பிளி எழுதிறது லேசான வேலை இல்லை, சபாஷ் தம்பி. ஆர்மில அதுக்கெண்டே தனி இடம் வைச்சிருக்கினம். திரும்பி வாற முகவரி ஈஎல்ஆர் எண்ட ரெஜிஸ்டருக்கும், கொடிகள் எஸ்பிஎஸ்ஆர் எண்டதுக்கும் போகும். ரெண்டும் கேர்னல் மட்டத்துக்குரியது, உங்கட 31 ரெஜிஸ்டரோட சேர்த்தியில்லை. உங்கட விடையையும் தங்கச்சியின்ர அட்டவணைக்குப் பக்கத்தில வைச்சால் வித்தியாசம் வடிவா விளங்கும்.

உப்புவெளி_மாணவி · வியாழன், மாலை 4.50

கிண்ணியாத் தம்பி, உங்கட விடையை அட்டவணையில ரெண்டாவது நிரலா சேர்க்கிறன், நன்றி.

ஆனா இண்டைக்குப் புதுசா ஒண்டு. லாப்பில (ஆய்வுகூடத்தில) இருக்கிற பழைய மாதிரிக் கோப்பு இன்ட் 80 எண்ட பழைய இன்டரப்ட் முறையில எழுதியிருக்கு. அதையும் சேர்க்கலாம் எண்டு, 64 பிட் புரோகிராமுக்குள்ளயே இன்ட் 80 போட்டு, கெட்பிட் எண் 20 குடுத்து ஓடவிட்டன். என்ர லப்டொப்பில ஆர்ஏஎக்ஸ் மட்டும் மாறினது. அதே ஃபைலை பென் ட்ரைவில கொண்டுபோய் லாப் கொம்பியூட்டரில ஓடவிட்டால் ஆர்8, ஆர்9, ஆர்10, ஆர்11 நாலும் சைபர்! திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாத்திட்டன். மழை இருட்டிக்கொண்டு வந்ததால லாப்பைப் பூட்டிட்டினம், பஸ்ஸில வரேக்கயும் இதே யோசினைதான். ஒரே ஃபைல், ஒரே பைட்டுகள். மெஷின் பழுதா?

மூதூர்க்காரன் · வியாழன், மாலை 5.25

ரெண்டிலயும் யூநேம் போட்டு கேர்னல் பதிப்பைப் பாத்தீங்களா? முந்தநாள் அவசரப்பட்டுப் பிழையாச் சொல்லிட்டன். அதுக்குப் பிறகு இருந்து வாசிச்சதில, பதிப்புக்குப் பதிப்பு மாறின இடங்கள் இருக்கு எண்டு கண்டனான்.

உப்புவெளி_மாணவி · வியாழன், மாலை 5.40

லப்டொப்பில 5.15. லாப்பில 4.4 எண்டு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன்.

துறைமுக_விளக்கு · வியாழன், இரவு 8.10

மூதூர்த் தம்பி சரியான இடத்தில கை வைச்சிருக்கிறார். மெஷின் பழுதில்லை. இன்ட் 80 எண்டது 32 பிட் கோல்களுக்கான வாசல். 32 பிட் புரோகிராமுக்கு ஆர்8 இலிருந்து மேல ரெஜிஸ்டரே கிடையாது, அதால அந்த வாசலால வாறவைக்கு ஆர்8 இலிருந்து ஆர்11 வரை காப்பாத்தித் தரவேணும் எண்டு கேர்னல் கவலைப்படேல்லை, சைபராக்கித் திருப்பி அனுப்பினது. 2.6.4 காலத்தில இருந்து அப்பிடித்தான் இருந்தது. 64 பிட் புரோகிராமுக்குள்ள இருந்து இன்ட் 80 போடுற ஆக்களும் இருக்கினம், அவை இந்த நாலும் மாறாது எண்டு நம்பித்தான் எழுதுகினம் எண்டபடியால் 2018இல், 4.17 பதிப்பில, அதைத் திருத்தினவை. உங்கட ரெண்டு மெஷினும் அந்தத் திருத்தத்துக்கு இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு. நீங்கள் தேடாமலே கேர்னல் வரலாற்றில ஒரு மாற்றத்தை அளந்திட்டீங்கள். அட்டவணையில கேர்னல் பதிப்புக்கு ஒரு நிரல் கட்டாயம் போடுங்கோ.

ஒரு எச்சரிக்கை. 64 பிட் புரோகிராமில இன்ட் 80ஐ வழமைக்குப் பாவிக்காதேங்கோ. அது அளவுருவில கீழ் 32 பிட்டைத்தான் பாக்கும். ஸ்டாக்கில இருக்கிற பஃபர் ஒண்டின்ர முகவரியைக் குடுத்தால் மேல்பாதி வெட்டுப்பட்டு -14, ஈஃபோல்ட், வரும். கெட்பிட் முகவரி கேக்காதபடியால உங்களுக்கு அது தெரியேல்லை.

நாளைக்கு ஆராவது "இதை சிக்குள்ள எழுதினால் என்ன" எண்டு கேட்டால், இன்லைன் அசெம்பிளியின்ர அழிவுப் பட்டியலில (எது எது மாறும் எண்டு கொம்பைலருக்குச் சொல்லுறது) ஆர்சிஎக்ஸ், ஆர்11, மெமரி மூண்டையும் போடவேணும் எண்டு சொல்லுங்கோ. போடாட்டில் ஓ0ல (கொம்பைலர் வேகப்படுத்தாத நிலை) ஒழுங்கா ஓடும். ஓ2ல (வேகப்படுத்துற நிலை) கொம்பைலர் ஒரு மாறியை ஆர்சிஎக்ஸ்ல வைக்கிற அண்டைக்கு உங்கட முதல்நாள் லூப் மாதிரியே போகும்.

உப்புவெளி_மாணவி · வெள்ளி, பிற்பகல் 2.35

காட்டி முடிஞ்சுது. கெட்பிட், ரைட், நானோஸ்லீப் மூண்டும், ஒவ்வொண்டும் 1000 தரம். சிஸ்கோல் முறையில 13 ரெஜிஸ்டரும் ஒரு தரம்கூட மாறேல்லை. இன்ட் 80க்கு 4.4, 5.15 எண்டு ரெண்டு நிரல், ஆர்முக்கு ஒண்டு.

346 ஏன் வந்தது எண்டுதான் முதல்ல கேட்டவை. கரும்பலகையில 200, 100, 40, 4, 2 எண்டு ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுதிக் கூட்டிக் காட்டினன்.

எக்ஸ்எம்எம் எண்ட 16 பைட் ரெஜிஸ்டர்களை அளந்தியோ எண்டு கேட்டினம், இல்லை எண்டு சொன்னன். திங்கள் வரைக்கும் நேரம் தந்திருக்கினம். நிரப்புறது, கோல், மெமரிக்கு மாத்துறது எண்டு அதே முறையில எழுதத் தொடங்கியிருக்கிறன் அண்ணா. 16 பைட் இடங்களா ஒதுக்கினால் சரிதானே?

துறைமுக_விளக்கு · வெள்ளி, பிற்பகல் 3.10

சரி. 16இன் மடங்கில அலைன் பண்ணுங்கோ, இல்லாட்டில் மெமரிக்கு மாத்துற மூவ்ஏபிஎஸ் கட்டளையில புரோகிராம் விழும். நானோஸ்லீப்போட கட்டாயம் ஓடவிடுங்கோ, வேற புரோகிராம் உள்ள வந்து போகேக்கதான் அந்த ரெஜிஸ்டர்களைக் கேர்னல் எடுத்துவைச்சுத் திருப்பிப் போடும். விடையை இங்கயே போடுங்கோ.