நாவலூரா, சிறுசேரியா? குடியிருப்பவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) இரண்டு கேட்டட் கம்யூனிட்டிகளில் 3 பெட்ரூம் வீடு பார்த்திருக்கிறோம். இரண்டுமே 1,800 சதுர அடி என்கிறார்கள். அது சுவர்கள், லிஃப்ட், படிக்கட்டு போன்ற பொது இடங்களில் நம் பங்கு எல்லாம் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்கு. வீட்டுக்குள் புழங்கும் இடமான கார்பெட் ஏரியா நாவலூரில் 1,260, சிறுசேரியில் 1,330. யு.டி.எஸ். (மனையில் நம் பெயருக்கு வரும் பங்கு) நாவலூரில் 620, சிறுசேரியில் 810. நாவலூருக்குக் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வந்துவிட்டதால் ஜி.எஸ்.டி. இல்லை. சிறுசேரியில் வேலை முடியவில்லை, 5 சதவீதம் சேரும்.

பெரிய கவலை தண்ணீர்தான். மே மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வாங்குகிறீர்கள்? அந்தச் செலவு சதுர அடிக்கு 4 ரூபாய் பராமரிப்புக்குள் அடங்குமா, தனியா? எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சரியாக ஓடுகிறதா? பாதி வீடுகள் காலியாக இருந்தால் போதிய கழிவுநீர் வராமல் அதைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்கள் செத்து நாற்றமடிக்கும். அதனால் எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். பின்னாளில் வரும் பெரிய செலவுகளுக்கான கார்பஸ் ஃபண்ட், பில்டரிடமிருந்து குடியிருப்போர் சங்கத்தின் கணக்குக்கு வந்துவிட்டதா? டிசம்பர் மழையில் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றதா?