ஜனவரி 1 அன்று ஹைட்டியில் ஏன் பரங்கிக்காய் சூப்?

மிளகுத்தண்ணி:
ஹைட்டியில புத்தாண்டு அன்னிக்கு வீட்டுக்கு வீடு 'சூப் ஜூமு'ங்கிற பரங்கிக்காய் சூப் வைக்கிறாங்க. அடிமைகளுக்கு மறுக்கப்பட்ட சூப், விடுதலை கிடைச்சதும் குடிச்சாங்கன்னு சொல்றாங்க. இதுல எது வரலாறு, எது செவிவழி? சூப் நீர்த்துப் போகாம வைக்கிற பக்குவமும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையஏடு:
தேதியில் சந்தேகமில்லை. ஹைட்டி அப்போது பிரெஞ்சு காலனி. 1803 நவம்பர் 18 வெர்த்தியேர் போரில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று கொனாயிவ் நகரில் விடுதலைப் படைத் தலைவர் தெசாலின் விடுதலையை அறிவித்தார். அவர் மனைவி மாரி-கிளேர் எரஸ் அன்று எல்லாருக்கும் இந்த சூப்பைக் கொடுக்கச் சொன்னார் என்பது செவிவழி.

தடை விஷயத்துக்கு பிரெஞ்சு அரசின் 1685 அடிமைச் சட்டத்தைப் பாருங்க. 22-ஆம் பிரிவில் ஓர் அடிமைக்கு வாராவாரம் தர வேண்டிய உணவுப்படி இருக்கு: மரவள்ளி மாவு, கூடவே 2 ராத்தல் உப்பிட்ட மாட்டிறைச்சி அல்லது 3 ராத்தல் மீன். அதையும் பல முதலாளிகள் ஒழுங்காக அளந்ததில்லை. எலும்புக்கறியும் காய்கறியும் போட்ட சூப் முதலாளி மேசைக்கு, அடுப்பில் நின்றது அடிமை. 'குடிக்கக் கூடாது' என்று சட்டத்தில் வரி தேடுவதைவிட இந்தப் படிக்கணக்கே நிறையச் சொல்லும்.

அடுப்படி:
பக்குவம், 8 பேருக்கு. எலும்போடு மாட்டுக்கறி 1 கிலோ. எலுமிச்சை தேய்த்துக் கழுவி, 'எப்பிஸ்' அரைத்துப் பூசி இரவு முழுக்க ஊறணும். பார்ஸ்லி, தைம், வெங்காயத்தாள், பூண்டு, குடமிளகாய் சேர்த்து அரைப்பதுதான் எப்பிஸ். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் வெறும் பரங்கிக் கஞ்சிதான் மிஞ்சும்.

கறியை வதக்கி 3 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மணிநேரம் வேகவிடுங்க. பரங்கி ஒன்றேகால் கிலோவைத் தனியே ஆவியில் வேகவைத்து அரைத்து ஊற்றணும். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் நீரைக் குடித்துவிடும், சூப் நீர்ப்பது பெரும்பாலும் அதனால்தான். அடுத்து கேரட், உருளை, டர்னிப். கால்மணி கழித்து கோஸ், லீக்ஸ், கிராம்பு 4. ஸ்காட்ச் பானெட் மிளகாயைக் காம்போடு முழுசாக மிதக்கவிடுங்க. கரண்டி பட்டு உடைந்தால் பானை முழுக்கக் காரம், அப்புறம் திருத்த வழியில்லை. கடைசி 10 நிமிடத்தில் பாஸ்தா 150 கிராம். இறக்கியதும் எலுமிச்சைச் சாறு.

பழையஏடு:
பரங்கி அமெரிக்க மண்ணின் காய், தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களிடம் முன்பே இருந்தது. டர்னிப், லீக்ஸ், கோஸ் ஐரோப்பியர் கொண்டுவந்தவை. 2021 டிசம்பரில் இந்த சூப் யுனெஸ்கோவின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் ஹைட்டிக்கு அதுதான் முதல் பதிவு.

மிளகுத்தண்ணி:
நன்றிங்க. கறி இல்லாம வைக்கலாமா? மிச்சமானா மறுநாள் தாங்குமா?

அடுப்படி:
கறியில்லாமலும் வைக்கிறாங்க, எப்பிஸைக் கூட்டி எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்குங்க. மிச்சம் வைப்பதாக இருந்தால் பாஸ்தாவைத் தனியே வேகவைத்து, பரிமாறும்போது போடுங்க. இல்லைன்னா ராத்திரியே சாறெல்லாம் இழுத்து ஊதிப்போகும்.