2022 கோடை: பிக் பாஸ் அல்டிமேட்டிலிருந்து ‘விக்ரம்’ வரை – அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டை உறுப்பினர் எழுதியது:

2020-ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் திரையரங்குகள் பூட்டிக் கிடந்தன. 2021 ஏப்ரல் 9 அன்று ‘கர்ணன்’ வெளியாகிக் கூட்டம் சேரத் தொடங்கிய அந்த மாதமே இரண்டாம் அலை வந்து மறுபடியும் கதவடைத்தார்கள். அதனால் 2022 கோடையை எங்கள் வீட்டில் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்திருந்தோம். அந்தக் கோடையின் பெரிய படங்களையும், அதையொட்டி ஓடிய கிளை நிகழ்ச்சிகளையும் (ஏற்கெனவே பார்த்த நிகழ்ச்சிகளின் ஆட்களைக் கொண்டு புதிதாக உருவாக்கியவை) பற்றிய என் அனுபவத்தை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

பிக் பாஸ் ஐந்தாம் சீசன் 2022 சனவரி 16 அன்று முடிந்தது. இரண்டே வாரம் கழித்து, சனவரி 30 அன்று, ‘பிக் பாஸ் அல்டிமேட்’ ஹாட்ஸ்டாரில் தொடங்கியது. முந்தைய ஐந்து சீசன்களின் போட்டியாளர்களில் சிலரே மறுபடியும் வீட்டுக்குள் சென்றார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் நேரலையில் பார்க்கலாம் என்பதுதான் அதன் புதுமை. ஐந்தாம் சீசனின் இறுதி நெருங்கும்வரை உள்ளே இருந்த நாடகக் கலைஞர் தாமரைச்செல்வி, ஊருக்குப் போய் நிம்மதியாக நாலு வாய் சாப்பிடுவதற்குள் மறுபடியும் அங்கே நிற்பதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. அவரைப் பற்றி நாம் புதிதாக அறிந்துகொள்ள இடைவெளியே கொடுக்கப்படவில்லை.

ஆனால் என்னை அந்த நிகழ்ச்சியிலிருந்து விலக்கியது அதுவன்று. தொலைக்காட்சியில் வரும் பிக் பாஸ், ஒரு நாளை ஒரு மணி நேரமாகச் சுருக்கித் தருவது. வீட்டில் அனைவரும் அந்த ஒரு மணி நேரத்தை ஒன்றாகப் பார்ப்போம். யார் பேசியது நியாயம், எதை வெட்டியிருப்பார்கள் என்று சாப்பிட்டு முடித்த பிறகும் விவாதம் நடக்கும். நேரலை வந்த பிறகு என் தங்கை பகலில் பார்த்ததை நான் பார்த்திருக்க மாட்டேன், நான் நள்ளிரவில் பார்த்ததை அப்பா பார்த்திருக்க மாட்டார். எல்லாம் கண்ணெதிரே கிடைத்தும், எங்களுக்குள் பேசிக்கொள்ளப் பொதுவாக எதுவும் இல்லாமல் போயிற்று. மொத்த நிகழ்ச்சியையும் ஆளுக்கு ஒரு கைப்பேசியில், ஆளுக்கு ஒரு மூலையில் பார்த்துத் தீர்த்தோம்.

பிப்ரவரியில் கமல்ஹாசன், ‘விக்ரம்’ படப் பணிகளோடு நாட்கள் மோதுவதால் அல்டிமேட்டைத் தொகுத்து வழங்குவதிலிருந்து விலகுவதாக அறிவித்தார், சிலம்பரசன் பொறுப்பேற்றார். சிலம்பரசன் போட்டியாளர்களிடம் தோழமையோடு பேசினார் என்பதை மறுக்க முடியாது. என்றாலும் வார இறுதியில் கமல் என்ன கேட்பார் என்று காத்திருந்த பழக்கம் அத்தோடு அறுந்தது. ஏப்ரலில் பாலாஜி முருகதாஸ் வெற்றி பெற்ற செய்தியை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சூன் 3 அன்று ‘விக்ரம்’ வந்தது. வெயில் சற்றும் குறையாத அந்த வெள்ளிக்கிழமை, திரையரங்கில் எனக்குக் கிடைத்தது நான் பல மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்த அதே பொதுவான நேரம். விஜய் சேதுபதியின் மனைவியராக ஷிவானி நாராயணன், மகேஸ்வரி, மைனா நந்தினி ஆகியோர் வந்தபோது சின்னத்திரையில் பழகிய முகங்கள் என்பதால் அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஷிவானி பிக் பாஸ் நான்காம் சீசனில் இருந்தவர். ஆனால் அரங்கே எழுந்து நின்று கத்தியது, ஏஜெண்ட் டீனாவாக வந்த வசந்திக்கு. நடன இயக்குநர்களிடம் நெடுங்காலம் உதவியாளராகப் பணியாற்றிய அவருடைய முகத்தை எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டு வேலை செய்யும் பெண் என்று நாம் நம்பியிருந்தவர் சண்டைக்கு இறங்கும் அந்தக் காட்சி, அதுவரை நம்மிடமிருந்து எதை மறைத்து வைத்ததோ அதனால்தான் அத்தனை வலுப்பெற்றது. எதையுமே மறைக்காத நேரலையில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

கோயம்புத்தூர் உறுப்பினர் எழுதியது:

பாளையங்கோட்டை நண்பரே, நீங்கள் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கிளை நிகழ்ச்சி என்றாலே சோர்வுதான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக என் அம்மாவின் அனுபவத்தைச் சொல்கிறேன். பிக் பாஸ் மூன்றாம் சீசனில் வனிதா விஜயகுமார் பேசத் தொடங்கினாலே அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். அதே ஆண்டு, 2019 நவம்பரில், ‘குக்கு வித் கோமாளி’ என்ற சமையல் நிகழ்ச்சி தொடங்கியது. கலக்கப் போவது யாரு, சூப்பர் சிங்கர், பிக் பாஸ் எனப் பல நிகழ்ச்சிகளில் ஏற்கெனவே பார்த்தவர்களைக் கொண்டுவந்து, சமைக்கத் தெரிந்தவருக்குச் சமைக்கத் தெரியாத கோமாளியை இணையாக்கினார்கள். அடுப்பின் முன் வனிதா நின்ற விதத்தையும், மசாலாவின் பக்குவம் பார்த்த நிதானத்தையும் கண்டு அம்மா அவரை வேறொரு பெண்ணாகவே ஏற்றுக்கொண்டார். அந்த முதல் சீசனை வென்றவரும் வனிதாதான். பிறகு அவரே அல்டிமேட்டுக்குப் போய்ப் பாதியில் வெளியேறியபோது, ‘அந்தப் பொண்ணைச் சமைக்க விட்டிருக்கலாம்’ என்று அம்மா வருந்தினார். ஆள் ஒருவர்தான், கொடுக்கப்பட்ட வேலைதான் வேறு. தெரிந்த மனிதரிடம் தெரியாத திறமை ஒன்றை வெளிக்கொணரும் கிளை நிகழ்ச்சியை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

2022 மே 13 அன்று வெளியான ‘டான்’ படத்துக்கு அம்மா வந்தது சிவாங்கிக்காக. சூப்பர் சிங்கரில் பாடியும், கோமாளியாகக் குழந்தையைப் போல் அழுது சிரித்தும் அம்மாவின் மனத்தில் இடம்பிடித்திருந்த பெண் அவர். பிக் பாஸ் ஐந்தாம் சீசனை வென்ற ராஜுவும் அதில் இருந்தார். சிவகார்த்திகேயனே ‘கலக்கப் போவது யாரு’ மேடையிலிருந்து வந்தவர்தான் என்று அம்மா பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். படத்தின் பிற்பகுதியில் சமுத்திரக்கனியின் தந்தைப் பாத்திரம் மனத்தை உருக்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றது. முதற்பாதியின் கல்லூரிக் கலாட்டா எனக்குச் சற்று நீளம். அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

வேலூர் உறுப்பினர் எழுதியது:

நான் செவிலியர். இருபத்து நான்கு மணி நேர நேரலையைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இரவுப் பணி முடிந்து அறைக்குத் திரும்பும்போது ஊர் முழுவதும் வேலைக்குக் கிளம்பியிருக்கும். பேச ஆள் இருக்காது. அந்த நேரத்தில் அல்டிமேட் வீட்டில் யாராவது காப்பி போட்டுக்கொண்டும், பாத்திரம் துலக்கிக்கொண்டும் இருப்பார்கள். நான் போட்டியைப் பார்க்கவில்லை, அந்த வீட்டின் சத்தத்தைத் தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை விரும்பிய என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம்.

பாளையங்கோட்டை உறுப்பினர் மறுமொழி:

சகோதரி, அப்படிப் பார்க்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. எழுதியதற்கு நன்றி. துணைக்காகப் பார்ப்பவருக்கு நேரலை உதவியிருக்கிறது என்பதை ஏற்கிறேன். கூடி விவாதிக்கும் எங்கள் வீட்டுக்கு அது பொருந்தவில்லை என்ற கருத்தில் மட்டும் மாற்றமில்லை.

தஞ்சாவூர் உறுப்பினர் எழுதியது:

திரையரங்கின் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், பொதுவான நேரம் என்று நண்பர் எழுதியதற்கு 2024 கோடையையும் சேர்க்கிறேன். அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல், மாலையானால் ஐ.பி.எல். ஆட்டங்கள், உச்ச நட்சத்திரங்களின் புதுப் படம் எதுவும் ஏப்ரலில் வரவில்லை. வாக்குப்பதிவுக்கு மறுநாள், இருபது ஆண்டுக்கு முந்தைய ‘கில்லி’யை மறுபடியும் வெளியிட்டார்கள். தொலைக்காட்சியில் மாதம் தவறாமல் ஓடும் படத்துக்குப் பணம் கொடுத்து யார் வருவார்கள் என்று எங்கள் மேலாளரே தயங்கினார். வந்தவர்களில் பெரும்பாலோர் 2004-இல் பிறந்தே இராதவர்கள் அல்லது கைக்குழந்தைகள். வசனம் ஒவ்வொன்றும் அவர்களுக்கு மனப்பாடம். திரைக்கு முன்னால் சென்று ஆடினார்கள். வீட்டில் தனித்தனியாகப் பார்த்து வளர்ந்த படத்தை ஒருவரோடொருவர் சேர்ந்து பார்க்கவே அவர்கள் வந்தார்கள் என்பது எனக்கு உறுதி. நாங்கள் ஒரு காட்சியோடு தொடங்கியது, வார இறுதிக்குள் எல்லாக் காட்சிகளும் அதற்கே என்றாயிற்று. மே 3 அன்று ‘அரண்மனை 4’ குடும்பக் கூட்டத்தோடு வந்தபோதும், இரவுக் காட்சியைக் ‘கில்லி’க்கே வைத்திருந்தோம்.