கியர் மாறும்போது மக்கர் செய்த பழைய வண்டி: உங்களுக்கு நடந்தது என்ன?

ஓவர்டிரைவ் பித்தன்:
எல்லாரும் செய்கிற வேலைதான். மூணு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, நாலாவதாக ஓவர்டிரைவ் உள்ள ஜிஎம் கம்பெனியின் 700ஆர்4 பாக்ஸை ஏற்றினோம். எஞ்சினில் கொஞ்சம் முரட்டு கேம் ஷாஃப்ட், மேல் சுற்றில்தான் இழுக்கும். பின் ஆக்சில் ரேஷியோ 3.08 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, பாக்ஸிலிருந்து வரும் ஜாயிண்ட் ராடு 3.08 சுற்று), அதில் கை வைக்கவில்லை. 100 கி.மீ. வேகத்தில் நாலாவது விழும், வண்டி குலுங்கும், லேசாக மிதித்தால் மூணுக்கு இறங்கும், காலை எடுத்தால் மறுபடி நாலு. எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் 1,700க்கும் 2,400க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தலை ஆடும்.

பாக்ஸ் போச்சு என்று ஒர்க்‌ஷாப்பில் முடிவு கட்டிப் பிரித்துவிட்டார்கள். இன்னும் உறுத்துவது அந்த டிரேதான். கழற்றிய கிளட்ச் பிளேட்டுகளை ஆயில் சொட்டச் சொட்ட அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கம்பெனியில் அச்சடித்த எழுத்து அப்படியே படிக்கும்படி இருந்தது. கருகல் இல்லை, தீய்ந்த வாடை இல்லை. “இதுல என்ன கெட்டிருக்கு?” என்றேன். “பிரிச்சாச்சு சார், மாத்திடறதுதான் நல்லது” என்றார்.

மாற்றியும் அதே குலுக்கல். கடைசியில் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடியை 3.73 ஆக்கிய பிறகுதான் அடங்கியது. கணக்குப் போட்டால் அப்போதே தெரிந்திருக்கும்: 27 அங்குல டயர், 100 கி.மீ. வேகம், ஓவர்டிரைவ், அதாவது நாலாவது கியர், 0.70. ஆக்சில் 3.08 என்றால் எஞ்சின் ஓடுவது சுமார் 1,670 ஆர்பிஎம். அந்த கேமுக்கு அங்கே இழுவையே கிடையாது. 3.73ல் 2,020 வருகிறது. நல்ல பாக்ஸைப் பிரிக்கவிட்டவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

பல்சக்கரம்:
பாக்ஸ் கதை என்னிடம் இல்லை, ஆக்சில் கதை உண்டு. பின் ஆக்சிலை ஹவுசிங்கோடு (வெளிக்கூடோடு) வாங்கினேன். ஆக்சில் குழாயில் அடித்திருந்த குறியீடு 3.73 என்றது, விற்றவரும் அதையேதான் சொன்னார். மாட்டி ஓட்டினால் பிக்கப் இல்லை. எல்லாரும் கார்புரேட்டரைக் குறை சொன்னார்கள், பற்றவைப்பு நேரத்தைக் குறை சொன்னார்கள், டார்க் கன்வர்டரைக்கூட விடவில்லை.

ஒருநாள் பின்மூடியைக் கழற்றி, கந்தக வாடை அடிக்கிற அந்தக் கறுப்பு ஆயிலை வடித்துவிட்டு, டார்ச்சை வைத்துக்கொண்டு கிரவுனை மெல்லச் சுற்றினேன். விளிம்பில் துணி போட்டுத் தேய்க்கத் தேய்க்க எண்கள் எழும்பி வந்தன: 37, அதன் பக்கத்தில் 12. வகுத்தால் 3.08. நடுவில் யாரோ பல்லை மாற்றியிருக்கிறார்கள், குழாயில் இருக்கும் எழுத்து மட்டும் பழசு. விற்றவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் மனசு ஆறவில்லை.

மூடியைத் திறக்காமலும் பார்க்கலாம். ஓப்பன் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்றும் சாதா வகை) என்றால் ஒரு சக்கரம் தரையில், மற்றதைத் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் ஜாயிண்ட் ராடு எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. ஒரே சுற்றோடு நிறுத்தினால் பாதிதான் வரும். லிமிடெட் ஸ்லிப் (இரண்டு சக்கரத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடிக்கும் வகை) என்றால் இரண்டு சக்கரத்தையும் தூக்க வேண்டும், ஒரு சுற்று போதும். சாக்பீஸ் கோடு ஒன்று ராடில், ஒன்று டயரில். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள்.

வாக்கும் குழாய்:
பித்தன் சார், தப்பாக நினைக்காதீர்கள். பாக்ஸைப் பிரித்தது தப்பு என்கிறீர்கள், சரி. ஆனால் ஆக்சிலுக்குத் தாவியதும் அவசரம்தான். வெளியே இருப்பதை எல்லாம் பார்த்தீர்களா? 700ஆர்4ல் டிவி கேபிளை (ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று பாக்ஸுக்குச் சொல்லும் திராட்டில் வால்வு கேபிள்) பார்க்காமல் வேறு எதைப் பேசினாலும் வீண்.

என்னுடையது டர்போ 350, ஜிஎம்மின் மூணு கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸ். ஒன்றிலிருந்து இரண்டுக்கு லேசில் மாறாது, எஞ்சின் கத்திக்கொண்டே போகும், மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி விழும். கூடவே சைலன்சரில் வெள்ளைப் புகை. பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று பேச்சு. பாக்ஸ் ஆயில் மட்டும் அடிக்கடி குறைந்துகொண்டே இருந்தது, தரையில் ஒரு சொட்டு இல்லை. அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மாடுலேட்டரில் (எஞ்சின் உறிஞ்சலை வைத்து, கியர் எப்போது மாற வேண்டும் என்று பாக்ஸுக்குச் சொல்லும் டப்பா) செருகியிருக்கும் சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கினேன். உள்ளேயிருந்து சிவப்பு ஆயில் விரலில் வழிந்தது. அந்தக் குழாயில் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும்! உள்ளே டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் தடுப்பு) கிழிந்து, எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. புகைக்கும் கியர் மாறாததற்கும் ஒரே காரணம். ஒரு போல்ட், ஒரு கிளிப், கைப்பிடி அளவுப் பொருள். இதற்காக எஞ்சினை இறக்கப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

மூத்த ஸ்பானர்:
எல்லாருடைய பதிவையும் படித்தேன். பித்தன் தம்பி 3.73க்குப் போனது கொஞ்சம் அதிகம். 3.42 போட்டிருந்தால் அதே டயரில் 1,850 வந்திருக்கும், பெட்ரோலும் மிச்சம். 700ஆர்4ல் முதல் கியரே 3.06. அதோடு 3.73ஐப் பெருக்கினால் 11.4 ஆகிறது. சிக்னலில் எடுத்தவுடன் இரண்டாவது கியர் கேட்கும். பழைய மூணு கியர் பாக்ஸில் முதல் கியர் 2.52, அதற்கு 3.73 பொருந்தும். இரண்டும் ஒன்றல்ல.

என் அனுபவம் சின்னது. ஆக்சில் மூக்கில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனின் ஆயில் சீல் ஒழுகியது, மாற்றக் கொடுத்தேன். பழைய நட்டை இம்பேக்ட் கன்னில் அடித்து இறுக்கிவிட்டார்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஹவுசிங் மூக்கில் கையை வைத்தால் சுட்டுவிட்டது, பட்ட இடம் சிவந்துபோனது. அப்புறம் பேரிங் ஊளையிட ஆரம்பித்தது.

ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பினியன் நட்டுக்கு அப்பால், இரண்டு பேரிங்குக்கு நடுவே, நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உண்டு. அது ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான், நட்டைத் தளர்த்தினால் திரும்பி வராது. அதிகமாக நசுங்கிவிட்டால் புதுசு போட்டுப் பிரீலோடு (பேரிங்கின் இறுக்கம்) மறுபடி பார்க்க வேண்டும். சீல் மட்டும் மாற்றுகிறவர்கள் கழற்றும் முன்பே நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் கோடு போட்டு, மரை எத்தனை வெளியே தெரிகிறது என்று எண்ணி வைக்க வேண்டும், அப்போதுதான் பழைய இடத்துக்கே இறுக்க முடியும். கிரவுன் பினியன் மாற்றுகிறவர்கள் பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி) 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள் வைக்க வேண்டும், டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மஞ்சள் பேஸ்ட் தடவிப் பல் எங்கே பதிகிறது என்று பார்க்க வேண்டும். பதிவு பல்லின் அடிவாரத்தில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, உச்சியில் விழுந்தால் போதாது. பினியன் சிம்மை (இடையில் வைக்கும் மெல்லிய தகட்டை) மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் மூடினால் ஓட்டும்போது ஒரு சத்தம், காலை எடுத்தால் வேறு சத்தம். ஜிஎம்மின் 12 போல்ட் ஆக்சில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கவும்: 3.08 முதல் 3.73 வரை ஒரே கேரியர் (கிரவுனை மாட்டும் கூடு), 4.10க்குப் போனால் வேறு கேரியர், இல்லையென்றால் தடித்த கிரவுன். வாங்கிவிட்டு அழாதீர்கள். லிமிடெட் ஸ்லிப் என்றால் ஆயிலோடு அதற்கான சேர்மானத்தையும் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் திருப்பத்தில் கடகடவென்று அடிக்கும்.

தாழ்வண்டி:
இங்கே நடக்கும் சண்டைக்கு நடுவே என்னுடையது. பின்பக்கம் பிளாக் வைத்து இறக்கிய வண்டி. 80 தாண்டினால் தரை அதிரும். ஜாயிண்ட் ராடைப் பேலன்ஸ் பார்த்தாகிவிட்டது, கிராஸ் (ராடின் மூட்டு) புதுசு, டயர் புதுசு. அதிர்வு அப்படியே. பாக்ஸ் பின்பக்கப் புஷ் என்று அதையும் மாற்றினார்கள்.

ஒருவர் வந்து கோணம் பார்க்கும் மீட்டரைப் பாக்ஸ் வாலில் வைத்தார், அப்புறம் பினியன் மேல் வைத்தார். பாக்ஸ் 3 டிகிரி கீழே பார்க்கிறது. பினியன் அதற்கு இணையாக 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும், லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஓட்டும்போது மூக்கு தூக்கும் என்பதால் அதைவிடச் சற்றுக் குறைவாக. என்னுடையது 8 காட்டியது. எண்ணைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவச் சிம் வைத்தார், தீர்ந்தது.

ஓவர்டிரைவ் பித்தன்:
ஸ்பானர் ஐயா, நான் ரேஷியோ ஆலோசனை கேட்கவே இல்லை. முதல் கியர் குட்டையாகத்தான் இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. வாக்கும் குழாய், கேபிளும் பார்த்தாகிவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் கேபிளும் முழுதாக இழுபடுகிறது, கார்புரேட்டர் பக்கத்து பிராக்கெட்டும் சரியான வடிவம்.

புதுப் பிரச்சினை வேறு. ஸ்பீடோமீட்டர் இப்போது 100க்கு 121 காட்டுகிறது. 3.73ஐ 3.08ஆல் வகுத்தால் வருகிற அதே 1.21. வாலில் இருக்கும் பிளாஸ்டிக் கியரைப் பல் கூடியதாக மாற்ற வேண்டும், தெரியும். எனக்குக் குழப்பம், கவர்னரும் (வேகத்துக்கு ஏற்பக் கியர் மாற்றச் சொல்லும் பகுதி) பாக்ஸின் அதே வால் ஷாஃப்ட்டில்தானே சுற்றுகிறது? கியர் எல்லாம் முன்பைவிடக் குறைந்த வேகத்தில் மாறுகிறது.

வாக்கும் குழாய்:
மாறத்தான் செய்யும். கவர்னருக்குத் தெரிவது வால் ஷாஃப்ட் சுற்று மட்டும்தான், ரோட்டில் என்ன வேகம் என்று அதற்குத் தெரியாது. எஞ்சின் சுற்றில் பார்த்தால் பழைய இடத்திலேயேதான் மாறும், டாக்கோமீட்டரைப் பாருங்கள். மாறுகிற சுற்றும் பிடிக்கவில்லை என்றால்தான் கவர்னர் எடையும் ஸ்பிரிங்கும். அதுவரை பாக்ஸைத் திறக்காதீர்கள். கேபிளைப் பார்த்ததை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நானும் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.