சார்ட்டர் ஸ்கூல் சேர்க்கை: உங்களுக்கு என்ன நடந்தது?

சான் ஹோசே அம்மா:
போன மார்ச்ல நடந்தது, இன்னும் ஆறல. கிண்டர்கார்டனுக்கு ஸ்பானிஷ் இம்மர்ஷன் (பாடத்தை ஸ்பானிஷ்லயே நடத்துறது) சார்ட்டர் ஸ்கூல், அதாவது இங்க அமெரிக்காவுல அரசுப் பணத்துல தனி நிர்வாகக் குழு நடத்துற பொதுப்பள்ளி. ஹால்ல எல்லாரையும் உட்கார வச்சு சீட்டு எடுத்தாங்க. நமக்கு வெயிட்லிஸ்ட் 87. பக்கத்துல இருந்த அம்மாவோட பையனுக்குக் கிடைச்சது. அவங்க சிரிக்கக்கூட இல்ல, என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நம்ம வரிப்பணத்துல நடக்கிற பள்ளிக்கு எதுக்குக் குலுக்கல்?

ராலே அப்பா:
குலுக்கலே நியாயத்துக்குத்தாங்க. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானா பரீட்சை வச்சுப் பொறுக்கக் கூடாது, ஃபீஸும் கிடையாது. 1991ல மினசோட்டா முதல் சட்டம் போட்டப்பவே இதுதான் ஒப்பந்தம்: ஊர்ப் பள்ளிகளை நடத்துற ஸ்கூல் டிஸ்ட்ரிக்டோட விதிகள் பலதுலேர்ந்து விலக்கு, பதிலுக்கு ரிசல்ட் காட்டணும். காட்டலேன்னா சார்ட்டர், அதாவது பள்ளி நடத்துற அனுமதி, போயிடும். எங்க பையன் பள்ளிக்கு அப்படித்தான் போச்சு. கடைசி நாள் டீச்சர் சுவர்ல இருந்த அவன் படத்தைக் கிழியாம உரிச்சுக் கையில கொடுத்தாங்க.
அதனால சேர்க்கிறவங்க முதல்ல சார்ட்டர் எப்போ புதுப்பிக்கணும்னு கேளுங்க. பள்ளியோட நிர்வாகக் குழுக் கூட்டம் பொதுவில நடக்கும், ஒரு தடவை போய் உட்காருங்க, வரவு செலவு பேசுவாங்க. பஸ் இருக்கா, மதியச் சாப்பாடு இருக்கா, டீச்சருங்க வருஷா வருஷம் மாறுறாங்களான்னு கேளுங்க. மாண்டிசோரி, ஸ்டெம் (அறிவியல், கணக்கு, தொழில்நுட்பம்), கிளாசிக்கல்னு வாசல் பலகையில போட்டிருக்கிற பாடமுறைப் பேரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ஒரு நாள் வகுப்புல போய்ப் பாருங்க. அண்ணன் தம்பி ஏற்கனவே படிச்சா பல இடத்துல முன்னுரிமை உண்டு, அதையும் கேட்டு வைங்க.

பேர் வேண்டாம்:
ராலே அண்ணா, குலுக்கல் நியாயம்தான், அதுக்கப்புறம்? என் மகனுக்கு ஆட்டிசம். சீட்டு கிடைச்சது. ஐஇபி (அவனுக்குன்னு எழுதின சிறப்புக் கல்வித் திட்டம்) ஃபைலை மேஜைமேல வச்சதும் டைரக்டர் அதைத் திறக்கவே இல்ல. "எங்க முறை இவனுக்கு ஒத்துவருமான்னு யோசிங்க"ன்னார். சார்ட்டரும் பொதுப்பள்ளிதான், சிறப்புக் கல்விச் சட்டம் அவங்களையும் கட்டுப்படுத்தும். எனக்கு அன்னைக்கு அது தெரியல. ஃபைலை எடுத்துட்டு எழுந்து வந்துட்டேன். எழுத்துல கொடுங்கன்னு கேட்டிருக்கணும்.

சான் டியேகோ அக்கா:
எங்களது வீட்டுலேயே படிக்கிற சார்ட்டர். மாசம் ஒரு தடவை டீச்சரைப் பார்த்து வேலையைக் காட்டணும். முதல் தடவை மக எழுதினதை அவங்க ஒவ்வொரு தாளா, ஒரு வரி விடாம படிச்சாங்க.
பேர் வேண்டாம், ஃபைலோட திரும்பப் போங்கம்மா. துணைக்கு ஆள் வேணும்னா நான் வரேன்.