மொரிஸ் மைனரில 2சி டீசல், முன்னுக்கு டிஸ்க்: எந்த பூஸ்டர், எந்த மாஸ்டர் சிலிண்டர்?

கல்லடி மைனர்:
வண்டி 1098 சீசீ மொரிஸ் மைனர். இஞ்சின் டொயோட்டா 2சி டீசல். முன்னுக்கு இருந்த 8 அங்குல டிரம்மைக் கழட்டி டிஸ்க் போட்டாச்சு. கலிப்பருக்கு (பேட்டை டிஸ்க்கில அழுத்துற பகுதி) ஒரு பிஸ்டன், விட்டம் 51 மிமீ. பின்னுக்கு அதே பழைய 7 அங்குல டிரம், வீல் சிலிண்டர் 3/4 அங்குலம். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்க பிரேக் ஒயிலைத் தள்ளுறது) இன்னும் தரைக்குக் கீழதான் கிடக்கு, 7/8 அங்குலம், ஒற்றைச் சுற்று (நாலு சில்லுக்கும் ஒரே லைன்).

பெடல் கல்லு மாதிரி. ஏறி நிண்டு மிதிச்சாத்தான் நிக்கிது. போதாக்குறைக்கு செங்கலடி வரைக்கும் போய் வந்தா முன் ரெண்டு டிஸ்க்கும் தொட ஏலாத சூடு. பூஸ்டர் (உறிஞ்சலால மிதிக்குக் கைகொடுக்கிற டப்பா) 7 அங்குலமா, 8 அங்குலமா? மாஸ்டர் சிலிண்டர் 13/16, 7/8, 1 அங்குலம், இதில எது? கராஜில இன்டேக் மெனிஃபோல்டில துளை போட்டு வேக்கும் (உறிஞ்சல்) எடுக்கலாம் எண்டுறாங்க. பஞ்சிகாவத்தையில (கொழும்பு உதிரிப்பாகக் கடைத்தெரு) டொயோட்டா அக்வா ஹைபிரிட் காரின்ர பூஸ்டர் ஒண்டும் மலிவா இருக்காம். எடுக்கலாமா?

அக்கரைப்பற்று பட்டறை:
தம்பி, முதல்ல அந்தத் துளையை நிப்பாட்டுங்க. பெற்றோல் இஞ்சினில திரொட்டில் தட்டு காத்தை மறிக்கிறதாலதான் மெனிஃபோல்டில உறிஞ்சல் வருது. 2சியில மறிக்கிற தட்டு இல்ல, அதால அங்க உறிஞ்சலும் இல்ல. துளை போட்டா மிஞ்சுறது துளை மட்டும்தான். டீசலுக்கு வேக்கும் பம்ப் வேணும். ஜப்பான் டீசல் வேன், லொறிகளில ஆல்டர்னேட்டருக்குப் பின்னால ஒட்டின மாதிரி வருமே, அதுதான். உங்கட ஆல்டர்னேட்டர் பின்பக்கம் மொட்டையா இருந்தா பம்ப் உள்ளதா மாத்துங்க.

அந்த பம்புக்கு இஞ்சின் ஒயில் ஒரு மெல்லிய குழாயால போகும், தடிச்ச குழாயால சம்புக்கு (இஞ்சின் அடித் தொட்டி) திரும்பும். திரும்பும் குழாயை ஒடுக்கமாப் போட்டாலோ மேல்நோக்கி வளைச்சாலோ ஒயில் பம்புக்குள்ள தேங்கும், மறுகா பூஸ்டர் பக்கம் ஏறும். ஒயில் பட்ட டயஃப்ரம் உப்பிக் கிழியும். பூஸ்டர் குழாயில ஒருவழி வால்வை எந்தத் திசையில போடுறது எண்டு பாருங்க: பம்ப் பக்கம் காத்து போகவேணும், திரும்பி வரக்கூடாது. குழாய் பெற்றோல் குழாயா இருக்கக்கூடாது. சூட்டில இளகி உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிரேக் வேக்கும் குழாய் எண்டு கேட்டு வாங்குங்க. மானி வச்சுப் பாத்தா சும்மா ஓட்டத்தில 20 அங்குல பாதரசத்துக்குக் குறையக்கூடாது.

அக்வா, பிரியஸ் சாமான் வேணவே வேணாம். அது வேக்கும் பூஸ்டரே இல்ல, மின்சாரத்தில அழுத்தம் உண்டாக்குற கூட்டு. அந்த வாகனத்தின்ர கம்ப்யூட்டர் இல்லாம அது வெறும் இரும்பு.

டிஸ்க் சூடாகுறதுக்கு வேற காரணம். மைனரின்ர மாஸ்டர் சிலிண்டருக்குள்ள, கடைசியில ஒரு செக் வால்வு இருக்கு. பெடலை விட்ட பிறகும் லைனில கொஞ்ச அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும், ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ. டிரம்மில ஷூவை இழுக்கிற ஸ்பிரிங் பலமானது, அதால பரவாயில்ல. கலிப்பருக்கு ஸ்பிரிங்கே இல்ல, பேட் உரசிக்கொண்டே வரும். முன் லைனுக்கு அந்த வால்வு ஆகாது. ஆனா சிலிண்டர் கலிப்பரை விடக் கீழ இருக்கும்வரை 2 பிஎஸ்ஐ வால்வு ஒண்டு வேணும், இல்லாட்டி பிரேக் ஒயில் கீழ வடிஞ்சு முதல் மிதி வெறுமையாப் போகும்.

லேத் கணக்கு:
பட்டறைக் காக்கா (அண்ணன்) சொன்னதெல்லாம் சரி. விட்டத்தைக் கணக்குப் போட்டே பாக்கலாம்.

51 மிமீ பிஸ்டனின் பரப்பு 20.4 சதுர செமீ. ரெண்டும் 0.3 மிமீ நகர 1.2 கன செமீ பிரேக் ஒயில் போகும். பின் வீல் சிலிண்டர்கள், ரெண்டு பக்கமும் தள்ளுற வகை எண்டா, பிஸ்டன் ஒவ்வொண்டும் 1 மிமீ நகர மொத்தம் 1.1 கன செமீ. ரெண்டும் சேர்ந்து 2.3. பெடல் விகிதம் 4 (பெடல் 4 மிமீ போனா சிலிண்டர் தண்டு 1 மிமீ போகும்) எண்டு வைச்சா, ரெட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரில பெடல் ஓட்டம் இப்படி வரும்: 13/16 எண்டா ஏறத்தாழ 28 மிமீ, 7/8 எண்டா 24, 1 அங்குலம் எண்டா 18. இதுக்கு மேல குழாய் உப்புறதும் வெறும் ஆட்டமும் சேரும்.

சின்ன விட்டம் அழுத்தத்தைக் கூட்டும், ஓட்டத்தையும் கூட்டும். 1 அங்குலத்தை விட 7/8 அதே தள்ளலுக்கு 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் தரும். பெடல் கல்லா இருக்கெண்டு பெரிய சிலிண்டர் போடுற ஆக்கள் இருக்காங்க. அது இன்னும் கல்லாகும்.

7 அங்குல பூஸ்டர் 20 அங்குல பாதரசத்தில தாள் கணக்குப்படி 170 கிலோ தள்ளும், 8 அங்குலம் 220. டயஃப்ரம் ஓரம் வேலை செய்யாது, அதால நிசத்தில இதைவிடக் குறைவு. 20 கிலோ மிதி, விகிதம் 4, அதோட 7 அங்குல பூஸ்டர், 7/8 சிலிண்டர்: ஏறத்தாழ 64 கிலோ அழுத்தம் ஒரு சதுர செமீக்கு. மைனருக்கு இது தாராளம். 8 அங்குலம் போட்டா விரல் பட்டாலே பின் டிரம் பூட்டும். என்ர தெரிவு 7 அங்குலம் ஒற்றை டயஃப்ரம், 7/8 ரெட்டைச் சுற்று.

வாழைச்சேனை:
மைனருக்குப் பூஸ்டரே தேவையா எண்டு கேக்கிறன். பெடல் விகிதத்தை 6 ஆக்கி 3/4 சிலிண்டர் போட்டா, 40 கிலோ மிதியில 84 கிலோ அழுத்தம் வரும். பம்ப், குழாய், வால்வு ஒரு இழவும் இல்ல.

லேத் கணக்கு:
வரும், ஆனா பெடல் 49 மிமீ போய்த்தான் வரும், ஆட்டம் சேர்த்தா 65க்குக் கிட்ட. பின் ஷூ கொஞ்சம் தேய்ஞ்சாலே பெடல் தரையைத் தொடும். ஷூவை ஒழுங்கா அட்ஜஸ்ட் பண்ணுற ஆளுக்குச் சரி. எல்லாரும் பண்ணமாட்டாங்க.

கல்லடி மைனர்:
விளங்கிச்சு. தரைக்குக் கீழ உள்ள சிலிண்டரை வைச்சுக்கொண்டு தூரத்தில வைக்கிற சேர்வோ (பெடலில இல்லாம பிரேக் குழாயில பூட்டுற பூஸ்டர்) போட்டா வேலை சுகம் எண்டும் சொல்றாங்க. இல்லாட்டி ஃபயர்வோலில தொங்கு பெடலோட பூஸ்டரைப் பூட்டவா? இஞ்சின் பக்கம் 23 செமீ இடம் இருக்கு.

அக்கரைப்பற்று பட்டறை:
சேர்வோ சுகம்தான். லொக்கீட் வகை 1.9 மடங்கு கூட்டும். ஆனா ஒரு சேர்வோ ஒரு சுற்றைத்தான் கூட்டும். ஒற்றைச் சுற்றிலேயே நிண்டா ஒரு குழாய் வெடிச்சு நாலு சில்லும் போகும். ரெட்டைச் சுற்று ஆக்கினா ரெண்டு சேர்வோ வேணும். மஹா ஓயா, பிபிலை தாண்டி பதுளைக்கு ஏறி இறங்குற எண்ணம் இருந்தா ஃபயர்வோலிலேயே போடுங்க. டோர்ஷன் பாருக்குள்ள (முன் சஸ்பென்ஷன் முறுக்குக் கம்பி) கைவிட்டு மாஸ்டர் சிலிண்டர் போல்ட் கழட்டுற தண்டனையும் அதோட முடிஞ்சிடும். நுவரெலியா உயரத்தில காத்தழுத்தமே 5இல் ஒரு பங்கு குறைவு, பூஸ்டரும் அந்தளவு இளைக்கும். மட்டக்களப்பில மிதிச்ச மாதிரி அங்க இராது.

மைனரின்ர தகரம் மெல்லிசு. வெறும் தகரத்தில பூட்டினா மிதிக்கேக்க ஃபயர்வோல் முன்னுக்கு வளையும், பெடல் பஞ்சு மாதிரி இருக்கும், காத்து இருக்கெண்டு நாள் முழுக்க பிளீட் பண்ணுவீங்க (லைனில காத்து எடுப்பீங்க). உள்ளுக்கு 3 மிமீ தகடு போட்டு, பெடல் பெட்டியிலயிருந்து டேஷ் வரைக்கும் ஒரு முட்டு வெல்ட் பண்ணுங்க.

முன்சில்லு இழுவைக் காரின் மாஸ்டர் சிலிண்டர் எடுத்தா கவனம். அதுகள் அநேகமாக் குறுக்குச் சுற்று: ஒரு சுற்றில ஒரு முன்சில்லும் எதிர்ப்பக்கப் பின்சில்லும். சிலதில பின் வாயிலேயே அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு இருக்கும். அதை முன் லைனுக்குக் கொடுத்தா டிஸ்க் பட்டினி கிடக்கும். பின்சில்லு இழுவை வாகனத்தின்ர சிலிண்டர் எடுங்க, அளவு அநேகமா உடம்பிலேயே வார்த்திருக்கும். டேங்க் ரெண்டில பெரியது டிஸ்க்குக்கு.

லேத் கணக்கு:
ரெண்டு இடத்தில எல்லாரும் வழுக்கி விழுறது. ஒண்டு புஷ்ரொட். பூஸ்டர் தண்டுக்கும் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையில 0.5 மிமீ இடைவெளி இருக்கவேணும். பிளாஸ்டிசீன் துண்டு வைச்சு, பெடலைத் தொடாம, சிலிண்டரைப் பூட்டிக் கழட்டி நசுங்கின தடிப்பை அளவுங்க. தண்டு நீளமா இருந்தா பிஸ்டன் முழுக்கத் திரும்பாது, ஒயில் டேங்குக்குத் திரும்புற சின்னத் துளை மூடியே இருக்கும். ஓட ஓடச் சூடாகி, பிரேக் தானாப் பிடிச்சுக்கொள்ளும். கட்டையா இருந்தா முதல் 2 அங்குலம் வெறும் மிதி.

மற்றது நட். மைனரில 3/8 யுஎன்எஃப் (அங்குலப் புரி), ஜப்பான் சிலிண்டரில எம்10 பிட்ச் 1 (மில்லிமீட்டர்ப் புரி). யுஎன்எஃப் நட் எம்10 துளைக்குள்ள லேசாப் போகும், இறுக்கேக்க புரி உரிஞ்சிடும். நட்டை மாத்தி, குழாய் நுனியை ரெட்டை ஃப்ளேர் அடியுங்க (மடிச்சு விரியுங்க). குழாய் 3/16 அங்குல குனிஃபர் (செம்பு-நிக்கல் கலவை) நல்லம். கல்லடி உப்புக்காத்து வெறும் இரும்புக் குழாயை விடாது, செம்புக் குழாய் ஆட்டத்தில வெடிக்கும்.

அக்கரைப்பற்று பட்டறை:
இன்னொண்டு. பழைய சிலிண்டர் வாங்கினா மண்ணெண்ணெயில கழுவ விடாதீங்க, ரப்பர் உப்பிடும். ஸ்பிரிட் இல்லாட்டி பிரேக் ஒயில் மட்டும். அலுமினியச் சிலிண்டருக்குள்ள எமரி போட்டுத் தேய்ச்சா மேல் பூச்சு போயிடும், அதை எறிஞ்சிட்டு வேற எடுங்க. பிரேக் ஒயில் டொட் 4, 2 வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. வாவிக் காத்து ஈரத்தை அது நல்லாக் குடிக்கும்.

பூட்டி முடிச்சா இஞ்சினை நிப்பாட்டி 5 தரம் மிதியுங்க, பெடல் இறுகும். மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணினா பெடல் கொஞ்சம் இறங்கவேணும். இறங்காட்டி பம்ப் அல்லது ஒருவழி வால்வு. மறுகா ஓடேக்க மிதிச்சுப் பிடிச்சபடி நிப்பாட்டி 30 விநாடி பாருங்க. பெடல் மேல எழும்பினா எங்கயோ காத்து போகுது. முன் சில்லைத் தூக்கிக் கையால சுத்திப் பாக்காம வீதியில இறக்காதீங்க.